பறவை மனிதர் டாக்டர் சலீம் அலி

நம் பகுதியை வானம் பார்த்த பூமி என்பார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரை சென்றால் கரிசல் காடும், பனைமரங்களும், சீமைக்கருவேல் புதர்களும், மழை பெய்தால் மட்டுமே தண்ணீர் ஓடும் குண்டாறும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை ஏமாற்றாமல் பெய்துவிட்டால், தை பிறக்கும்போது நம் கண்மாய்கள் வேறோர் உலகமாக மாறிவிடுகின்றன. பின்பனிக் காலமாகிய மாசியில் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் கொக்குகளும், நாரைகளும், நாமக்கோழிகளும், முக்குளிப்பான்களும், நெடுந்தொலைவிலிருந்து வந்த வாத்துகளும் நீரையும் கரையையும் நிறைத்திருக்கும். பங்குனி வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுருங்கும். குளிருக்கு ஒதுங்கி வந்த விருந்தாளிகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடும்.

இந்தப் பறவைகளின் பெயர் என்ன? எங்கிருந்து வருகின்றன? ஏன் வருகின்றன? ஏன் திரும்பிப் போகின்றன? இக்கேள்விகளுக்கு இன்று நாம் ஒரு நூலைப் புரட்டி விடை காண முடிகிறதென்றால், அதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் ஒருவர் உண்டு. இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் போற்றும் டாக்டர் சலீம் அலி அவர்களே அவர். அப்பெரியாரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பெற்றோரை இழந்த பிள்ளை

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். அவருடைய முழுப்பெயர் சலீம் மொய்சுதீன் அப்துல் அலி என்பதாகும். குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையார் காலமானார். மூன்று வயதில் அன்னையாரும் மறைந்தார். தாய் தந்தையரின் முகம் நினைவில் நிற்பதற்கு முன்பே அவர்களை இழந்த அந்தக் குழந்தையையும் உடன்பிறந்தோரையும் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவருக்கும் அவர் மனைவியார் ஹமீதா பேகத்துக்கும் பிள்ளைகள் இல்லை. அநாதைகளாக வந்த குழந்தைகளைத் தம் சொந்தப் பிள்ளைகளாகவே அவர்கள் வளர்த்தார்கள். இந்திய விடுதலைப் போரில் காந்தியடிகளோடு நின்ற அப்பாஸ் தயாப்ஜியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே.

தோழியரே, நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. சலீம் அலி சிறு பிள்ளையாக இருந்தபோது முதன்முதலில் படித்தது ஒரு பெண்கள் பள்ளியில்தான்! மும்பையில் கிர்காம் பகுதியில் கிறிஸ்தவ மிஷன் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தம் சகோதரியர் இருவருடன் அவரும் சேர்க்கப்பட்டார். அதன்பின் மும்பை தூய சவேரியார் நிறுவனத்தில் பயின்றார்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

பறவைகளைக் காத்தவர் என்று பெயர் பெற்ற சலீம் அலி, இளமையில் பறவைகளைச் சுட்டவர் என்றால் நம்ப முடிகிறதா? அமிருதீன் மாமா வேட்டையில் விருப்பம் உள்ளவர். அவர் சிறுவனுக்கு ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கியைப் பரிசளித்தார். அக்காலத்தில் அது குற்றமாகக் கருதப்படவில்லை. வீட்டைச் சுற்றிப் பறந்த சிட்டுக்குருவிகளே அதற்கு இலக்காயின.

ஒருமுறை குதிரை லாயத்துச் சுவரில் இருந்த துளையில் ஒரு பெட்டைக் குருவி அடைகாத்துக் கொண்டிருந்தது. ஆண் குருவி வெளியே காவல் இருந்தது. சலீம் ஆண் குருவியைச் சுட்டார். சிறிது நேரத்தில் பெட்டைக் குருவி இன்னோர் ஆணைத் துணைக்கு அழைத்து வந்தது. அதையும் சுட்டார். இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் வீழ்ந்தன. படிக்கும்போது நம் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்தச் சிறுவன் வேறொன்றையும் செய்தான். தான் கண்டதை நாளும் விவரமும் குறித்து ஒரு தாளில் எழுதி வைத்தான். பல ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு அறிவியல் ஏட்டில் அச்சாகியது. வேட்டைக்காரனுக்குள் ஓர் ஆராய்ச்சியாளன் விழித்துக்கொண்டிருந்தான் என்பதை அது காட்டுகிறது.

பின்னொரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவி வழக்கமான சிட்டைப் போல் இல்லை. அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றியது போன்ற ஒரு புள்ளி இருந்தது. இது என்ன பறவை, உண்ணத்தக்கதுதானா என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தது போல் சொல்லி அனுப்பிவிடாமல், 1883இல் தொடங்கப்பட்ட மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். தயங்கித் தயங்கிச் சென்ற சிறுவனை மில்லர்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நிற்கவில்லை. அலமாரிகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான இந்தியப் பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களை இரவல் தந்தார். பறவை உடல்களைப் பாடம் செய்யவும் குறிப்பு எழுதவும் பயிற்சி அளித்தார்.

அன்று மில்லர்டு, வேலை இருக்கிறது, பிறகு வா என்று அந்தப் பையனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒரு குழந்தையின் கேள்விக்குப் பெரியவர் ஒருவர் ஒதுக்கிய சிறிது நேரம், ஒரு நாட்டின் பறவையியலையே வளர்த்துவிட்டது! சலீம் அலி தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்று நூலுக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பெயர் வைத்ததன் காரணமும் அந்தச் சிட்டுதான்.

தேர்வும் தலைவலியும்

பெரிய அறிஞர்கள் எல்லாரும் வகுப்பில் முதல் மாணவர்களாக இருந்திருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். சலீம் அலி அப்படி இருக்கவில்லை. பதின்மூன்று வயதை ஒட்டி அவருக்குத் தீராத தலைவலி வந்தது. அடிக்கடி பள்ளிக்குச் செல்ல முடியாமல் போயிற்று. வறண்ட காற்று உடலுக்கு நல்லது என்று சிந்து மாகாணத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அவரை அனுப்பி வைத்தார்கள். படிப்பு தடைப்பட்டது. 1913இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தட்டுத் தடுமாறித்தான் தேறினார். பொதுத்தேர்வை எதிர்நோக்கி இருக்கும் எங்களைப் போன்ற பத்தாம் வகுப்பு மாணவியருக்கு இச்செய்தி சற்றே ஆறுதல் அளிக்கிறது. எனினும் இதைச் சாக்காகக் கொண்டு படிக்காமல் இருந்துவிடக் கூடாது. ஏன் என்பதை அவர் வாழ்க்கையே பின்னால் சொல்லும்.

கல்லூரியில் சேர்ந்தும் முதலாண்டுப் படிப்பு அவருக்குக் கசந்தது. படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவில் தவாய் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே குடும்பத்தாருக்குச் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. கணக்குப் புத்தகத்தைவிட அங்கிருந்த அடர்ந்த காடுகளும் அவற்றின் பறவைகளுமே அவரை ஈர்த்தன. 1917இல் நாடு திரும்பி, மும்பையில் ஒரு வணிகக் கல்லூரியில் கணக்கியலும் வணிகச் சட்டமும் படிக்கச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் ஓர் அருட்தந்தையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவியும் தாவரவியல் அறிஞருமான அருட்தந்தை பிளாட்டர் அப்போது தூய சவேரியார் கல்லூரியில் பணிபுரிந்தார். இந்த இளைஞனின் மனம் கணக்கில் இல்லை, உயிர்களிடம் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். விலங்கியல் படிக்குமாறு வற்புறுத்தினார். சலீம் அலி காலையில் வணிகக் கல்லூரிக்கும், பின்னர் சவேரியார் கல்லூரியின் விலங்கியல் வகுப்புக்கும் சென்று அப்பாடத்தை முடித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா என்னும் பெண்மணியை மணந்தார்.

வேலையில்லாத அறிஞர்

அறிவு இருந்தது, ஆர்வம் இருந்தது, பட்டம் மட்டும் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி ஒன்று வந்தபோது, முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் அது அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. இதனால்தான் படிப்பைப் புறக்கணிக்கக் கூடாது என்று முன்னர்ச் சொன்னோம்.

1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் வருவோர்க்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளராக வேலையில் சேர்ந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உயிரற்ற பறவைகளைப் பற்றிப் பேசிப் பேசி அவருக்குச் சலிப்பு ஏற்பட்டது. பறவையியலை முறையாகக் கற்க வேண்டும் என்று 1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேஸ்மன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். சலீம் அலி தம் குருவாக இறுதிவரை கருதியது இவரையே. பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி அவற்றின் பயணத்தைக் கண்டறியும் முறையையும் ஜெர்மனியில்தான் கற்றுக்கொண்டார்.

1930இல் ஊர் திரும்பியபோது, பணம் இல்லை என்று கூறி அவர் பார்த்த வேலையையே நீக்கியிருந்தார்கள். வயதோ முப்பத்து மூன்று. வெளிநாட்டில் படித்து வந்தும் வேலை இல்லை, வருமானம் இல்லை. இத்தகைய நிலையில் எத்தனை வீடுகளில் சண்டையும் கண்ணீரும் மூளும் என்பதை நாம் அறிவோம். ஆனால் தெஹ்மினா அம்மையார் மனம் தளரவில்லை. நகர வாழ்க்கைக்குச் செலவு அதிகம் என்பதால் இருவரும் மும்பைக்கு அருகில் கடலோரமாக உள்ள கிஹிம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அம்மையாரின் குடும்பத்துக்குரிய சிறு வீடு ஒன்று இருந்தது.

தூக்கணாங்குருவி கற்பித்த பாடம்

வேலை போனதுதான் நல்லதாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. கிஹிமில் வீட்டுக்கு அருகில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் முழுவதும் மறைவாக அமர்ந்து அவற்றை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெடுத்தார்.

தூக்கணாங்குருவிக் கூடு நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ப் பனை ஓலைகளிலும், கிணற்றுக்குள் சாய்ந்த மரக்கிளைகளிலும் அது ஊஞ்சலாடுவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்குள் நடக்கும் கதை பலருக்குத் தெரியாது. கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. பாதிக் கூடு முடிந்ததும் பெட்டைகள் வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஒரு பெட்டை ஏற்றுக்கொண்டால்தான் ஆண் குருவி மீதியைப் பின்னி, நீண்ட நுழைவாயிலையும் அமைக்கும். அந்தப் பெட்டை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டி வேறொரு பெட்டையை அழைக்கத் தொடங்கும். காலங்காலமாக எல்லாரும் பார்த்த ஒரு கூட்டில் எவரும் பார்க்காத இவ்வுண்மையைச் சலீம் அலி பொறுமையால் கண்டறிந்தார். அக்கட்டுரை வெளிவந்ததும் பறவையியலாளர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அதன் பின்னர் சுதேச சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை அவர் மேற்கொண்டார். சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் முகாம் செலவும் தந்தால் போதும் என்பதே அவர் கேட்டது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் தொடங்கி, 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு வந்தார். இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் காடுமேடெல்லாம் சுற்றிய அப்பயணங்களில் தெஹ்மினா அம்மையாரும் உடன் சென்று கூடாரங்களில் தங்கினார். கணவரின் வெற்றிக்குப் பின்னால் அவருடைய பங்கு பெரிது.

தாங்க முடியாத இழப்பு

1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா அம்மையார் எதிர்பாராமல் இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இணைபிரியாதிருந்த துணை போய்விட்டது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. மூன்று வயதில் தாயை இழந்தவர், நாற்பத்திரண்டு வயதில் மனைவியையும் இழந்தார். சகோதரி கமூவும் அவர் கணவரும் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார்கள்.

துன்பத்தில் மூழ்கிப் போகாமல் அவர் மீண்டும் பறவைகளிடமே திரும்பினார். 1941இல் இந்தியப் பறவைகள் என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, பாமரரும் புரிந்துகொள்ளும் எளிய நடையில் அமைந்த அந்நூலே நம் நாட்டில் ஆயிரக்கணக்கானோரைப் பறவை பார்க்கத் தூண்டியது. பண்டித நேருவும் அவர் மகள் இந்திராவும் அந்நூலை விரும்பிப் படித்தவர்கள். பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பெருநூலை எழுதினார். 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக அது வெளிவந்தது. கடைசித் தொகுதி வந்தபோது ஆசிரியருக்கு வயது எழுபத்தேழு!

அவர் எப்போதும் முகம் சுளித்துக்கொண்டிருக்கும் முதியவர் என்று எண்ண வேண்டாம். மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950இல் ஸ்வீடன் நாட்டில் உப்சாலா நகரில் நடந்த உலகப் பறவையியலாளர் மாநாட்டுக்குத் தம் சன்பீம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் அதை ஓட்டிச் சென்று மாநாட்டில் இறங்கினார். இந்தியாவிலிருந்தே அதில் வந்துவிட்டார் போலும் என்று அங்குள்ளோர் வியந்தார்கள்!

ஏரியைக் காத்த கடிதம்

இராஜஸ்தானில் பரத்பூர் அருகே ஒரு பெரிய நீர்நிலை உண்டு. அது மன்னர்களின் வாத்து வேட்டைக்களமாக இருந்தது. வேட்டைகளின் கணக்கு அங்கே கல்லில் பொறித்து வைக்கப்பட்டுள்ளது. 1938ஆம் ஆண்டு ஒரே நாளில், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த நாள் நவம்பர் 12. சலீம் அலியின் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளும் அதுவே என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

நாடு விடுதலை பெற்றபின் அந்த நீர்நிலைக்கு வேறு விதமான ஆபத்து வந்தது. நீரை வடித்துவிட்டு நிலத்தை உழவுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பசித்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்பது நியாயம்தானே என்று தோன்றலாம். ஆனால் நீர்நிலை ஒருமுறை அழிந்தால் மீண்டும் கிடைக்காது என்பதைச் சலீம் அலி உணர்ந்திருந்தார். பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதைக் காப்பாற்றினார். கேவலாதேவ் தேசியப் பூங்கா என்னும் பெயருடைய அவ்விடம் 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே பறவை பார்க்க வருகிறார்கள். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்த மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தை நேருவுக்கு எழுதி உதவி பெற்றுத் தந்து காப்பாற்றியவரும் அவரே.

தமிழகத்தோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1959இல் அவருடைய கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடும் பெரும்பணியைத் தொடங்கியது. வலசைப் பறவைகள் நோய்களைச் சுமந்து வருகின்றனவா என்று அறிவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை அப்பணிக்கு முக்கிய இடமாயிற்று. மேலும் நம் பக்கத்துத் தேனி மாவட்ட மேகமலையில் 1948இல் கிடைத்த ஒரு வௌவால், பல்லாண்டுகள் வேறொன்றாகக் கருதப்பட்டு, 1972இல் புதிய இனம் என்று கண்டறியப்பட்டபோது அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார்கள்.

பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்தன. இந்திய அரசு 1958இல் பத்மபூஷண் விருதும், 1976இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கியது. கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு வழங்கினார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எண்பது வயதைக் கடந்த பின்னும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் மும்பையில் மறைந்தார். 1990இல் அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு மையம் நம் கோயம்புத்தூரில் அமைக்கப்பட்டது.

நம் கண்மாயும் நாமும்

அவருடைய வாழ்க்கையைப் படித்த எங்கள் வகுப்பு மாணவியர் சிலர், மாசி மாதச் சனிக்கிழமைகளில் பெற்றோர் ஒருவர் துணையோடு கண்மாய்க் கரைக்குச் சென்று பார்த்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். சலீம் அலி அவர்கள் செய்தது போலவே நாள், நேரம், இடம், பறவை என்று ஒரு நோட்டில் எழுதினோம். ஓரத்துச் சேற்றில் சிவந்த நீண்ட கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் நடந்தன. நத்தை குத்தி நாரை அலகில் நத்தையோடு நின்றது. அரிவாள் மூக்கன்கள் வரிசையாகப் பறந்தன. கரையை அடுத்த சோளக் காட்டில், மத்திய ஆசியாவிலிருந்து வரும் சோளப்பட்சிகள் மேகம்போல எழுந்து இறங்கின. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் நாரைக் கூடுகளும், அவற்றில் வாய் பிளந்து இரை கேட்கும் குஞ்சுகளும் தெரிந்தன.

பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் பெண் பிள்ளைகள் கண்மாயில் கொக்கு எண்ணிக்கொண்டிருக்கலாமா, அது சோறு போடுமா என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். பறவை வரும் கண்மாய் தண்ணீர் உள்ள கண்மாய். வரத்துக்கால்வாய் தூர்ந்து போய், மழைநீர் வந்து சேராத கண்மாய்க்கு நாரையும் வராது, அதன் கீழே நெல்லும் விளையாது. பறவையின் எச்சம் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று அது உழவனுக்கு உதவுகிறது. ஆகவே கொக்கை எண்ணுவதும் நம் சோற்றை எண்ணுவதும் வேறல்ல.

ஆனால் ஒரு செய்தி எங்களை வருத்தியது. நம் பக்கத்து ஊர் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் கண்மாய்க்குள் நின்ற மரங்களை ஏலம் விட்டு, குஞ்சுகள் கூட்டில் இருந்தபோதே வெட்டினார்களாம். அதற்கு அடுத்த ஆண்டு தண்ணீர் நிறைந்தும் நாரைகள் அங்கே கூடு கட்டவில்லை என்று பாட்டிமார் சொன்னார்கள். மரம் ஊருக்கு வருமானம். அதை வெட்டவே கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. குஞ்சுகள் பறந்து, கண்மாய் வற்றிய பிறகு வெட்டினால் ஊருக்கும் நட்டமில்லை, நாரைக்கும் நட்டமில்லை. ஒன்றிரண்டு மரங்களையாவது விட்டுவைத்தால் அடுத்த மாசியிலும் அவை வரும். சலீம் அலி நேருவிடம் முறையிட்டது போல, நாங்களும் எங்கள் கண்மாயைச் சேர்ந்த ஊர்ப் பெரியவர்களிடம் இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம்.

இது நடக்காத காரியம் அல்ல. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் மக்கள் இமயத்தைத் தாண்டி வரும் வாத்துகளையும் நாரைகளையும் வீட்டு விருந்தினர் போலக் காக்கிறார்கள். நமக்குக் கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்தில், நம் ஊர் போலவே வறண்ட பூமியில் உள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைகளாலேயே 2022இல் உலகச் சிறப்புப் பெற்ற ராம்சார் நீர்நிலைகளாயின. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

தம்பிமார் கையில் உண்டிவில்லைக் கண்டால் அதட்டிப் பிடுங்கிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, அவர்கள் குறிபார்த்த பறவையின் பெயரைக் கேட்போம். தெரியாவிட்டால் நூலைப் பார்த்துச் சொல்வோம். துப்பாக்கி ஏந்திய ஒரு சிறுவனை மில்லர்டு மாற்றியது அப்படித்தான். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வீட்டு முற்றத்திலோ கண்மாய்க் கரையிலோ பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினால் போதும். அடுத்த தையில் நம் பள்ளி மாணவியர் அனைவரும் அதில் பங்கு கொள்வோம்.

தாயற்றவராய் வளர்ந்து, தேர்வில் தடுமாறி, வேலை இழந்து, துணை இழந்து, எந்நிலையிலும் கவனிப்பதை மட்டும் விடாத அப்பெருமகனார் வாழ்ந்த நாட்டில் நாமும் பிறந்திருக்கிறோம். கண்ணைத் திறந்து பார்ப்போம். பார்த்ததை எழுதுவோம். நம் கண்மாய்களைக் காப்போம். வாழ்க டாக்டர் சலீம் அலி புகழ்!

— பத்தாம் வகுப்பு மாணவி